வளையாத ஏழாம் நம்பர்

மலைமேல் உள்ள ஓர் ஊரில் வயிரவன் என்றொரு மில் முதலாளி இருந்தார். மில்லை மகன் கையில் கொடுத்துவிட்டு, அங்கே வீடு கட்டிக்கொண்டு, தினமும் காலையில் கோல்ஃப் ஆடிவந்தார். அவருடைய தோல் பையில் இரும்பு மட்டைகள் சில குடியிருந்தன. அவற்றுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். தூரமாக அடிக்க நாலாம் நம்பர், கிட்டே அடிக்க ஒன்பதாம் நம்பர். நடுவில் இருந்த ஏழாம் நம்பரைத்தான் வயிரவன் அடிக்கடி எடுப்பார்.

எந்த மட்டையை எடுத்தாலும் பந்து இடப்பக்கமே போனது. இடப்பக்கம் பைன் மரங்கள். பந்து அதற்குள் போனால் தேட வேண்டும். வயிரவன் முதலில் காற்றைக் குறை சொன்னார். பிறகு புல்லை, அப்புறம் பந்தை. எல்லோரும் அதே காற்றில் அதே புல்லில்தான் ஆடினார்கள் என்பதால் அந்தக் காரணங்கள் நெடுநாள் நிற்கவில்லை.

அவருடைய பையைத் தூக்கி வந்தவர் சூசைமாணிக்கம். பை தூக்குகிறவர்களை அங்கே கேடி என்று கூப்பிடுவார்கள். அது இங்கிலீஷ்காரன் விட்டுப்போன சொல். ஒரு மழைக்காலக் காலையில், பாசி படிந்த கல்படியில் சூசைமாணிக்கத்துக்குக் கால் வழுக்கியது. பையோடு விழுந்து, பையோடு எழுந்தார். மேல்படியில் குடைக்குள் நின்றிருந்த வயிரவன், மட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். இல்லைங்கய்யா என்றார் சூசைமாணிக்கம்.

அன்றும் பந்து இடப்பக்கம் போனது. முந்தின நாளும் அப்படித்தான் போயிருந்தது. ஆனால் முந்தின நாள் வயிரவனிடம் நல்ல காரணம் இல்லை. இப்போது கிடைத்துவிட்டது.

கோல்ஃப் கிளப்பில் டீ குடிக்கும்போது, ஆள் விழுந்ததில் மட்டைகள் எல்லாம் வளைந்துபோயின என்று சொன்னார். முதல் நாள் பேச்சுவாக்கில் சொன்னார். மறுநாள் நிச்சயமாகச் சொன்னார். ஒரு வாரத்தில் அவரே அதை நம்பிவிட்டார். அந்தப் பேச்சு கிளப் செயலாளரின் காதுக்குப் போனது. இனி வர வேண்டாம் என்று சூசைமாணிக்கத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் கிளப் கேட்டடியில் காத்திருந்து வயிரவனிடம், "பை தரையில படவே இல்லைங்களேய்யா" என்று மட்டும் கேட்டார்.

"அப்போ இரும்பு தன்னால வளைஞ்சுதா?" என்றார் வயிரவன்.

சூசைமாணிக்கம் வீட்டுக்கு நடந்தார். கேடி என்ற சொல்லுக்கு ஊரில் இன்னொரு பொருளும் உண்டு. அதற்குப் பிறகு கடைத்தெருவில் அவரை அந்தப் பொருளில்தான் கூப்பிட்டார்கள்.

இதையெல்லாம் பைக்குள் இருந்த மட்டைகள் கேட்டுக்கொண்டிருந்தன.

"நாம் வளையவில்லையே" என்றது ஐந்தாம் நம்பர். "யாராவது சொல்ல வேண்டாமா?"

"என்னை யாரும் கேட்கவில்லை" என்றது ஏழாம் நம்பர்.

"நமக்கென்ன வந்தது?" என்றது ஒன்பதாம் நம்பர். "வளைந்தவை என்று சொன்னாலும் தினமும் துடைத்துத்தானே வைக்கிறார். சொல்லப்போய், பையை விட்டு வெளியே போட்டுவிட்டால்?"

ஏழாம் நம்பர் தலையில் மாட்டியிருந்த கம்பளி உறைக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கிக்கொண்டது. மட்டைகள் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டு மழைக்காலம் போனது. புது மட்டைகள் வாங்குவது என்று வயிரவன் முடிவு செய்தார். தையல்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுப்பதுபோல, இப்போதெல்லாம் ஆளுக்கு அளவெடுத்தே மட்டை செய்து தருகிறார்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். அப்படிச் செய்கிற கடை ஒன்று கோயம்புத்தூரில் இருந்தது. பழைய மட்டைகளையும் காரில் போட்டுக்கொண்டு அவர் மலையிறங்கினார்.

கடையில் அளவெடுக்கிறவள் பெனசிர் என்ற பெண். மெதுவாகப் பேசினாள். உயரம் எவ்வளவு சார் என்று முதலில் கேட்டாள்.

"அஞ்சடி ஒம்பது" என்றார் வயிரவன்.

அவர் எப்போதும் சொல்லிவந்த உயரம் அது. பெண் பார்க்கப் போனபோது அவர் வீட்டில் சொன்னது அது. பழைய மட்டைகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தபோது அவர் போனில் சொன்னதும் அதுதான்.

பெனசிர் ஷூவைக் கழற்றச் சொன்னாள். வயிரவன் தயங்கினார். ஷூவோடவே பார்த்துக்கலாமே என்றார். அவள் சிரித்தபடி இல்லை சார் என்றாள். ஷூக்கள் விரிப்பின் மேல் சாய்ந்து விழுந்தன. உள்ளே குதிகாலுக்குக் கீழே தடிமனான தக்கைகள் இருந்தன. பெனசிர் அவற்றைப் பார்த்தும் பார்க்காததுபோல நாடாவை எடுத்தாள். அப்படி அவள் பார்க்காததுபோல இருந்ததுதான் வயிரவனுக்குச் சுட்டது.

அளவு நாடா அவர் முதுகோரமாக ஏறி உச்சந்தலையில் நின்றது. அதற்குக் கூட்டிக் குறைத்துப் பேசத் தெரியாது.

"ஐந்தடி ஆறு" என்றது நாடா.

"சரியாகப் பார்" என்றார் வயிரவன், அதற்கு மட்டும் கேட்கும்படி.

"நான் இழுத்தால் நீளுகிற ஜாதி இல்லை" என்றது நாடா. "நீங்கள்தான் கொஞ்சம் எக்கி நிற்கிறீர்கள். குதிகாலைக் கீழே வையுங்கள்."

அவர் குதிகாலைக் கீழே வைத்தார். நாடா வேறோர் அளவு சொன்னது. அது ஐந்தடி ஆறுக்கும் கீழே.

பிறகு பெனசிர் பழைய ஏழாம் நம்பரின் அடியில் ஒரு பட்டையை ஒட்டி, தரையில் ஒரு கறுப்புப் பலகையை வைத்து, அதன் மேலிருந்து பந்தை அடிக்கச் சொன்னாள். மட்டை எங்கே தரையைத் தொடுகிறதோ அங்கே பட்டையில் தேய்மானம் விழும். வயிரவன் பலமுறை அடித்தார். பந்து வலையின் இடப்பக்கமே போய் விழுந்தது. பட்டையில், காம்பு வந்து சேரும் குதிகால் பக்கமே தேய்ந்திருந்தது.

"மட்டை உங்களுக்கு நீளம் சார். நிமிர்ந்தும் இருக்கு" என்றாள் பெனசிர். "உங்களைவிட உயரமான ஒருத்தருக்குச் செஞ்சது. நீங்க அடிச்சா முனை தூக்கிக்கும், பந்து இடப்பக்கந்தான் போகும்."

அப்படி இல்லை, இது வளைந்தது, எங்கள் ஊரில் ஓர் ஆள் கீழே போட்டுவிட்டான் என்று வயிரவன் விளக்கினார். அதையும் பார்த்துவிடலாம் என்று அவள் மேசைமேல் இருந்த கருவியில் மட்டையைப் பூட்டினாள். இரும்பு எத்தனை கோணத்தில் நிற்கிறது என்று சொல்கிற கருவி அது.

"நேர்" என்றது கருவி.

"இன்னொன்றைப் பார்க்கலாம்" என்றார் வயிரவன்.

ஐந்தாம் நம்பரைப் பூட்டினாள். நேர். ஒன்பதாம் நம்பர். நேர். நாலு, ஆறு, எட்டு. தொழிற்சாலையில் எப்படி வார்த்தார்களோ அப்படியே இருப்பதாக ஒவ்வொன்றையும் பற்றி அந்தக் கருவி ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போனது. போதும் என்றார் வயிரவன்.

பெனசிர் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உள்ளே போனாள். வயிரவன் ஷூ இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே மேசைமேல் ஏழாம் நம்பர் கிடந்தது. மட்டைகள் இத்தனை காலமும் பேசிக்கொண்டுதான் இருந்தன. அவருக்கு அன்றுதான் காதில் விழுந்தது.

"நான் வளையவே இல்லை" என்றது ஏழாம் நம்பர்.

"உனக்கு அப்போதே தெரியுமா?" என்றார் வயிரவன்.

"முதல் நாளிலிருந்தே தெரியும்."

"பின்னே ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"என்னை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் உங்களைத்தான் கேட்டார்கள்" என்றது ஏழாம் நம்பர். பிறகு, "கேட்காவிட்டாலும் சொல்லியிருக்க வேண்டும். பையைவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை" என்றது.

வயிரவன் அறையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே நடந்தது மலைமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. பழைய மட்டைகளைக் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பெனசிர் முன்பே சொல்லியிருந்தாள். அவர் அப்படியே செய்தார். புது மட்டைகளைச் சரியான உயரத்துக்கே செய்யச் சொல்லிவிட்டு, ஷூவைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். தக்கைகளை எடுத்துவிட்டதால் ஷூ லொடலொடவென்று இருந்தது. காரின் கதவைத் திறந்தவர் ஏறவில்லை. டிரைவர் என்னங்கய்யா என்று கேட்டார். திரும்பிப் போய் ஏழாம் நம்பரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்.

சூசைமாணிக்கத்தின் வீடு மாதா கோயிலுக்குக் கீழே, சரிவில் இருந்தது. இத்தனை வருஷத்தில் வயிரவன் அங்கே போனதில்லை. விசாரித்துத்தான் போனார். கதவைத் திறந்தது சூசைமாணிக்கத்தின் மனைவி மரியபுஷ்பம். வந்தவரைப் பார்க்கும் முன்பே அவர் கையில் இருந்த மட்டையைப் பார்த்தாள்.

"இன்னும் என்னங்கய்யா வேணும்?" என்றாள். "நாங்கதான் அந்தப் பக்கமே வர்றதில்லையே."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு வயிரவனுக்கு மறந்துபோனது. "மட்டை வளையலம்மா" என்று மட்டும் சொன்னார். "எல்லாம் நேராத்தான் இருக்கு. என் உயரத்தை நான் கூட்டிச் சொன்னதால வந்த கோளாறு."

நாற்றுப் பண்ணை வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்த சூசைமாணிக்கம் பின்னாலிருந்து வந்தார். வயிரவன் அவரிடமும் அதைச் சொன்னார். இரண்டாம் தடவை சொல்லும்போது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சூசைமாணிக்கம் கோபப்படவில்லை. ஏதோ கணக்குத் தப்பிப்போனவரைப்போல மனைவியைப் பார்த்தார்.

"நாந்தான் வளைச்சுட்டேன்னு நானே நம்பிட்டேங்கய்யா" என்றார். "அத்தனை பேரு சொன்னா நம்பாம என்ன செய்யறது. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லி அழுதேன். செய்யாத பாவத்துக்கு மன்னிப்பும் வாங்கிட்டேன்."

மட்டையைப் பார்க்கலாமா என்று கேட்டு அவர் இடது கையை நீட்டினார். கை பாதி வரைதான் நீண்டது. முழங்கை அதற்கு மேல் விரியவில்லை. இன்னும் ஓர் எட்டு முன்னால் வந்து வாங்கிக்கொண்டார்.

"அன்னைக்கு விழுந்ததுல ஒடஞ்சது" என்றாள் மரியபுஷ்பம். "பை தரையில பட்டுரக் கூடாதுன்னு நெஞ்சோட புடிச்சுக்கிட்டு கை முட்டியில விழுந்திருக்காரு. கட்டுப் போட்டும் சரியா கூடல."

வயிரவனுக்கு அந்தக் கல்படி கண்முன் வந்தது. மேல்படியில், குடைக்குள், நனையாமல் நின்றுகொண்டு தான் எதைக் கேட்டோம் என்பதும் நினைவுக்கு வந்தது. உட்காருங்கள் என்றாள் மரியபுஷ்பம். அவரால் உட்கார முடியவில்லை.

ஏழாம் நம்பர் சூசைமாணிக்கத்தின் கையில் இருந்தது. தான் நேராக இருக்கும்படி வளைந்துபோன அந்தக் கையிடம் அதற்கு ஏதாவது சொல்லத் தோன்றியது.

என்ன செய்ய வேண்டும் என்று வயிரவன் கேட்டார். சூசைமாணிக்கம் மட்டையை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கிளப்புல பெரியவங்ககிட்ட நீங்க சொல்லுறதும் சொல்லாததும் உங்க இஷ்டங்கய்யா. எங்க ஆளுங்க உட்கார்ற ஷெட்டுல வந்து ஒரு தடவை சொல்லணும். அவங்ககூடத்தான் நான் கோயிலுக்குப் போறேன்."

வயிரவன் இரண்டு இடத்திலும் சொன்னார். டீ மேசையில் எல்லோரும் அவசரமாகச் சிரித்து, பழைய கதையை விடுங்கள் என்று பேச்சை மாற்றினார்கள். செயலாளர் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சூசைமாணிக்கம் மறுபடி வரலாம் என்றார். ஷெட்டில் யாரும் சிரிக்கவில்லை. பை தூக்குகிறவர்கள் எழுந்து நின்று, அவர் சொல்லி முடிக்கும்வரை நின்றபடியே கேட்டார்கள். பீடியை மறைத்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர், சூசையை நாங்களும்தான் குறை சொன்னோம் என்று முனகிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சூசைமாணிக்கம் சுவரோரமாக நின்றிருந்தார். வேலைக்குத் திரும்பவில்லை. அந்தக் கையால் இனி பை தூக்க முடியாது.

அடுத்த மாதம் புது மட்டைகள் வந்தன. பழையவற்றைவிடக் குட்டை. பழைய ஏழாம் நம்பரையும் வயிரவன் அதே பையில் வைத்துக்கொண்டார்.

"இவருக்கென்றே அளவெடுத்துச் செய்த நம்மை இவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லையே, நம்மிடம் ஏதாவது குறையா?" என்று புது ஏழாம் நம்பர் கேட்டது.

"உன்னிடம் இல்லை" என்றது பழைய ஏழாம் நம்பர். எல்லாவற்றையும் அதனிடம் சொன்னது. இந்தத் தடவை யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை.

முதல் நாள் ஆட்டத்துக்கு நண்பர்கள் கூடியிருந்தார்கள். வயிரவன் புது ஏழாம் நம்பரை எடுத்தார். தக்கையில்லாத ஷூவில், தன் உயரத்தில் நின்று அடித்தார். பந்து பைன் மரங்களின் பக்கம் திரும்பவே இல்லை. நூல் பிடித்ததுபோல நேராகப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"அடிச்ச பிறகும் தலையைத் தூக்கவே இல்லை பாருங்க" என்றார் செயலாளர். "ஆட்டத்துல கஷ்டமானதே அதுதான். எங்கே கத்துக்கிட்டீங்க?"

வயிரவன் குனிந்தபடியே மட்டையைத் துடைத்துப் பையில் வைத்தார். பந்து எங்கே விழுந்தது என்று மற்றவர்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.