போணிக்குக் கூப்பிட ஆளில்லாத தெரு

ராஜாக்கள் யானைமேல் ஊர்வலம் போன காலம். ஏரிப்பட்டணத்தில் அம்பலவாணர் என்று ஒரு வணிகர் இருந்தார். ஊருக்கு நடுவே இருந்த கடைத்தெரு முழுக்க அவருக்குச் சொந்தம். மனுஷன் கெட்டவரில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் அவரைத் திட்டாதீர்கள்; அதற்கு நான் இருக்கிறேன்.

விடிந்ததும் அவர் தெருவில் இறங்குவார். "ஐயா, உங்க கையால போணி பண்ணுங்க" என்று பூக்கடைச் செங்கமலம் கூப்பிடுவாள். எண்ணெய்க்கடை வயிரவன் கூப்பிடுவான். வளையல்கடைச் சூடாமணி கூப்பிடுவாள். அவர் முதல் காசு கொடுத்து வாங்கினால் அன்றைக்கு வியாபாரம் அமோகம் என்று ஊரே சொன்னது. அவரும் நம்பிவிட்டார், பாவம்.

'என் கைராசியில்தானே இவர்கள் பிழைக்கிறார்கள்?' என்று ஒருநாள் தோன்றியது. முத்து வியாபாரிகள் வாடகையை அள்ளிக் கொடுப்பார்கள் என்று யாரோ காதில் வேறு ஓதிவிட்டார்கள். வாடகையை ஏற்றினார். செங்கமலம் கெஞ்சிப் பார்த்துவிட்டு ஆற்றங்கரையில் கடை போடப் போனாள். மறுபடி ஏற்றினார், வயிரவன் போனான். மறுபடியும் ஏற்றினார், சூடாமணியும் போனாள். மிச்சமிருந்தவர்களும் அவள் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள்.

"கொஞ்சம் இறக்கினா யாராவது வருவாங்களே" என்றாள் மனைவி உலகம்மை.

"இறக்கினால் தெருவின் மதிப்பு என்ன ஆவது?" என்று சொல்லிக் கடைகளைப் பூட்டியே வைத்தார்.

ஒருவழியாக முத்து வியாபாரி வந்தார். பூட்டிய கதவுகளைப் பார்த்தார். "ஜனங்கள் எங்கே?"

"நீங்கள் கடை போட்டால் வருவார்கள்."

"முத்து வாங்கவென்று எத்தனை பேர் ஐயா தினமும் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள்? பூ வாங்க வருகிறவர்கள்தான் என் கடையையும் எட்டிப் பார்ப்பார்கள்." அவர் நேரே ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்.

அதன்பிறகும் அம்பலவாணர் விடிந்ததும் தெருவில் இறங்கினார். மல்லிகை வாசம் இல்லை. வளையல் சத்தம் இல்லை. கூப்பிட ஒரு குரல் இல்லை. ஏங்கிப்போனார் மனுஷன். வாடகை போனதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தன்னை யாரும் கூப்பிடாததைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு விடியலில் வெட்கத்தை விட்டு ஆற்றங்கரைக்கு நடந்தார். "பழைய வாடகைக்கே வந்துடு செங்கமலம். பாதி கொடுத்தாலும் போதும்."

செங்கமலத்துக்குக் கண் கலங்கியது. "அந்தக் கடையை நினைக்காத நாளில்லைங்க ஐயா. இங்கே மழைக்கு ஒதுங்கக்கூட இடமில்லை. ஆனா வாங்குறவங்க எல்லாரும் இங்கேயே பழகிட்டாங்க. நான் வந்துடலாம், அவங்களை எப்படிக் கூட்டிட்டு வருவேன்?"

அவர் மடியிலிருந்து காசை எடுத்து நீட்டினார். "என் கையால போணியாவது பண்ணிக்கோம்மா."

"போணி ஆயிடுச்சுங்க ஐயா" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

வந்து போகிற ஜனங்களால்தான் ஓர் இடத்துக்கு மதிப்பு. அவர்களை விரட்டிவிட்டு விலையை ஏற்றுகிறவன் வெறும் சுவருக்குத்தான் சொந்தக்காரன்.