யானை வந்ததை ஆடிச் சொன்னவள்

முன்னொரு காலத்தில் மகிழம்பாடி நாட்டை எழிற்கோ என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் இரண்டு காது இருந்து என்ன பயன்? யார் வாயைத் திறந்தாலும் பாதியிலேயே "புரிந்தது, போ!" என்று விரட்டிவிடுவார்.

ஒருநாள் மத்தியானம் உண்ட மயக்கத்தில் அவர் கண்ணயர்ந்தபோது, அரண்மனை வாசலில் மத்தளம் இடியாய் முழங்கியது. ராஜா அலறியடித்து எழுந்தார். அடித்தவன் மத்தளக்காரன் பொன்னம்பலம். சபையில் அவனுக்கு விழும் கைதட்டலைப் பார்த்து வயிறெரிந்தவர் வாசல் காவல் அதிகாரி வச்சிரபாகு.

"வேண்டுமென்றே தங்கள் தூக்கத்தைக் கெடுத்தான், பிரபு!" என்று அவர் போட்டுக்கொடுத்தார்.

"அரசே, அது வந்து..." என்றான் பொன்னம்பலம்.

"புரிந்தது! நாளைக் காலையில் இவனை நாடு கடத்துங்கள்!"

அவன் மனைவி, நாட்டியக்காரி கோமளாங்கி, அழுதுகொண்டே மந்திரி நன்மதியாரிடம் ஓடி நடந்ததைச் சொன்னாள்.

"வாயால் சொன்னால்தானே அம்மா வெட்டிவிடுகிறார்? ஆடிச் சொல்" என்றார் மந்திரி. ராஜாவிடம் போய், "ஊரைவிட்டுப் போகுமுன் அவள் ஓர் ஆட்டம் ஆடட்டும். சலங்கை ஓயும்வரை குறுக்கே பேசக்கூடாது, அதுதான் ஆட்டத்தின் மரபு" என்றார். ராஜாவும் தலையாட்டினார்.

மறுநாள் காலை சபையில் கோமளாங்கி ஒருத்தியே எல்லோருமாக ஆடினாள். அரண்மனை வாசலில் விளையாடும் குழந்தைகளாகி, நொண்டியடித்துப் பாண்டி ஆடினாள். கை தும்பிக்கையாகி மதயானை வந்தது.

"புரிந்..." என்றார் ராஜா. மந்திரி அவள் காலில் ஒலிக்கும் சலங்கையைக் காட்டினார். ராஜா வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்து ஒரு காவலன் மீசையை முறுக்கினான். யானையைக் கண்டதும் ஈட்டியைப் போட்டுவிட்டு விழுந்தடித்து மரமேறினான். சபை குலுங்கிச் சிரித்தது. மத்தளக்காரன் மட்டும் யானைக்கும் குழந்தைகளுக்கும் நடுவே நின்று அடி அடியென்று அடித்தான். யானை மிரண்டு திரும்பி ஓடியது.

"பொய்! நான் மரமேறவே இல்லை!" என்று கத்தினார் வச்சிரபாகு.

"அடடே! அந்தக் காவலன் நீர்தான் என்று இங்கே யார் ஐயா சொன்னது?" என்றார் மந்திரி.

வச்சிரபாகுவின் முகம் செத்துப்போயிற்று. ராஜாவோ சிம்மாசனத்தை விட்டு எழுந்தார்.

"அந்தக் குழந்தைகளில் என் மகளும் ஒருத்தியா? நேற்று மத்தளம் ஓய்ந்ததுமே ஏதோ சொல்ல ஓடிவந்தாளே! பாதியில் துரத்திவிட்டேனே, பாவி!"

பொன்னம்பலத்தை விடுவித்துத் தம் முத்துமாலையை அவன் கழுத்தில் போட்டார். "அப்பாடா!" என்று கோமளாங்கி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு என்ன தண்டனை, பிரபு?" என்று நடுங்கினார் வச்சிரபாகு.

"இந்த அம்மாளிடம் ஆட்டம் பயிலும். ஒரு தடவையாவது வீரன் வேஷம் கட்டிப் பாரும்" என்றார் ராஜா. பிறகு சபையைக் கலைத்துவிட்டு, மகள் சொல்லவந்ததை முழுசாகக் கேட்க அந்தப்புரத்துக்கு நடந்தார்.