கருவரியனின் நடுக்கம்

மழையில் வளர்ப்புத் தொட்டி நிரம்பி வழிந்தபோது, இரண்டு ஏஞ்சல் மீன்கள் பக்கத்துக் குளத்துக்கு வந்து சேர்ந்தன. பெண் மீனின் பெயர் மின்னி. ஆண் மீன், உடம்பில் கறுப்புப் பட்டைகள் கொண்ட கருவரியன்.

குளத்தடியில் ஓர் உடைந்த கூரை ஓடு சேற்றில் சாய்ந்து நின்றது. இருவரும் அதன் பாசியைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தார்கள். மின்னி வரிசை வரிசையாக முட்டையிட்டாள். கருவரியன் பின்னாலேயே நீந்திவந்து அவற்றுக்கு உயிர் சேர்த்தான்.

களைத்துப்போன மின்னி இரை தேடப் போனாள். அப்போது கரையிலிருந்து தவளை அலறியது.

"தம்பி! நண்டு வருது, நண்டு!"

தண்ணீரில் ஒரு நிழல் விழுந்தது. கருவரியனுக்குக் கண் இருண்டது.

மின்னி திரும்பி வந்தாள். ஓடு வெறுமையாக இருந்தது. மேலே ஒரு தென்னைமட்டை மிதந்துகொண்டிருந்தது.

"முட்டைங்க எங்கே?"

"நண்டு தின்னுடுமோன்னு பயந்து..."

"பயந்து?"

"நானே முழுங்கிட்டேன்."

"நண்டு தின்னா சாவு, நீ தின்னா பத்திரமா?"

கரையிலிருந்து தவளை குறுக்கிட்டது. "நல்லதுக்குத்தான் கத்தினேன் தங்கச்சி! நீளமா ஏதோ விழுந்துச்சு, நண்டுன்னு நெனச்சேன்."

"நண்டு எப்ப அண்ணே நீளமா இருந்துச்சு?"

சில நாள் கழித்து, மறுபடியும் ஓடு நிறைய முட்டைகள். கருவரியன் அவற்றின்மேல் நீந்தி முடித்ததுதான் தாமதம், மின்னி அவனைக் கொத்தி விரட்டினாள்.

"இந்தப் பக்கம் தலை காட்டாதே!"

அவன் பாசிக்கொடிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

மின்னி தனியாகக் காவல் இருந்தாள். முட்டைகளுக்கு ஓயாமல் துடுப்பால் தண்ணீர் விசிற வேண்டும். விசிறல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாக வந்தால் விரட்டவும் வேண்டும். விரட்டப் போனால் விசிற ஆளில்லை. விசிறினால் விரட்ட ஆளில்லை.

ஓரத்து முட்டை ஒன்று சோற்றுப் பருக்கைபோல வெளுத்தது. அவள் அதை எடுத்துத் தூர உமிழ்ந்தாள். ஒருமுறை விரட்டிவிட்டு வருவதற்குள் பக்கத்து முட்டைகளும் வெளுத்தன. அவற்றையும் எடுத்தாள். துடுப்பு வலித்தது.

அவனை அழைத்தால் எல்லாம் ஒரே விழுங்கில் போகலாம். அழைக்காவிட்டால் ஒவ்வொன்றாகப் போகும். மின்னி வெகுநேரம் யோசித்தாள். பிறகு பாசிக்கொடிப் பக்கம் திரும்பினாள்.

"வா."

"வேண்டாம் மின்னி. எனக்கு என்மேலேயே பயமா இருக்கு."

"எனக்கும் உன்மேல பயம்தான். குளத்துக்கு முதுகைக் காட்டி நில்லு. ஓட்டுப் பக்கம் மட்டும் பாரு, விசிறு. வெளியே பாக்கறது என் பாடு."

அவன் வந்து அப்படியே நின்றான்.

மறுநாள் தவளை மறுபடியும் அலறியது. "நண்டு! சத்தியமா நண்டுதான் தங்கச்சி! பக்கவாட்டுல வருது!"

இம்முறை உண்மையிலேயே நண்டு. சேற்றைக் கிளறியபடி அது ஓட்டுப் பக்கமாக வந்தது. மின்னி பாய்ந்து அதன் கண்ணைக் கொத்தினாள். நண்டு கொடுக்கை வீசியது. அவள் வால் நுனி கிழிந்தது. மீண்டும் கொத்தினாள்.

சத்தமெல்லாம் கருவரியனின் முதுகில் வந்து மோதியது. அவன் வாய் தானாகத் திறந்தது. ஓட்டுக்கும் வாய்க்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளிதான். திரும்பிப் பார்க்கவும் துணிவில்லை. தலையிலிருந்து வால்வரை நடுங்கினான். துடுப்புகள் படபடவென்று அடித்துக்கொண்டன. அந்தப் படபடப்பில் கிளம்பிய தண்ணீர் ஒவ்வொரு முட்டையையும் தொட்டுப் போனது.

நண்டு பின்வாங்கி வளைக்குள் புகுந்தது. மின்னி மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தாள். ஒரு முட்டைகூடக் குறையவில்லை. அவன் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"போயிடுச்சா?" என்றான்.

"போயிடுச்சு. நீ நிறுத்தாதே."

ஓட்டின் மேல் சின்னச் சின்ன வால்கள் துடிக்கத் தொடங்கியபோதும் அவன் விசிறிக்கொண்டுதான் இருந்தான்.

பயம் இல்லாதவர் யாருமில்லை. அதை வாய்க்குக் கொடுத்தால் விழுங்கிவிடும், வேலைக்குக் கொடுத்தால் காத்து நிற்கும்.