விட்டுப்போன நிபந்தனை

பல்கலைக்கழக இயற்பியல் துறைப் பேராசிரியை குமுதவல்லிக்கு நாற்பத்தொரு வயது. அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்த தேவசகாயத்துக்கு ஐம்பத்து மூன்று. கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு விருப்ப ஓய்வு வாங்கி வந்தவர். ஆசிரியை மாணவரை சார் என்பார். மாணவர் ஆசிரியையை மேடம் என்பார்.

தேவசகாயத்தின் ஒரே மகன் ஜோயல் பதினோரு வயதில் கிணற்றில் மூழ்கிப் போனான். அடுத்த வருடமே இவர் விண்ணப்பம் போட்டார். தலைப்பு, பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் இரண்டு காலப் பரிமாணங்கள். ஏன் இந்தத் தலைப்பு என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, கேட்க யாருக்கு மனசு வரும்?

காலம் ஒன்றே என்றால் அது ஒரு கோடு. முன்னால் போகலாம், அவ்வளவுதான். இரண்டு என்றால் அது தரை மாதிரி. தரையில் நடப்பவன் வளைந்து சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கு முடிந்ததும் கரும்பலகையில் முதல் வரியிலிருந்து எழுதிக் காட்ட வேண்டும். எதையாவது விட்டிருந்தால், விட்டவரே அதைச் சிவப்புச் சாக்பீஸில் எழுத வேண்டும்.

நான்கு வருட உழைப்பைத் தேவசகாயம் ஒரு முற்பகலில் எழுதி முடித்தார். கடைசி வரியில் இரண்டாவது காலம் பத்திரமாக இருந்தது.

குமுதவல்லி ஒவ்வொரு வரியாகப் படித்து வந்தார்.

"பதினேழாவது வரிக்கு முன்னாடி ஒரு நிபந்தனை வரணுமே சார்."

"வரணும்."

"அது இல்லாட்டி நிகழ்தகவு மைனஸ்ல போயிடும். அப்படி ஒண்ணு இருக்கவே முடியாது."

"தெரியும் மேடம்."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல."

குமுதவல்லி சிவப்புச் சாக்பீஸை எடுத்து நீட்டினார். நீட்டாமல் இருந்திருக்கலாம் என்றே தோன்றுகிறது. ஆனால் கணக்கு கணக்குதான்.

தேவசகாயம் எழுதினார். அதற்குக் கீழே இருந்ததை ஒவ்வொரு வரியாக அழித்துத் திருத்தினார். இருபத்திரண்டாவது வரியில் இரண்டாவது காலம் அடிபட்டுப் போனது. மிஞ்சியது ஒன்று.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பிரபஞ்சம் கொதிச்சுக்கிட்டு இருந்த ஆரம்பத்துல? இந்த நிபந்தனை வர்றதுக்கு முன்னாடி, அந்தச் சூட்டுல, ரெண்டு காலம் இருந்திருக்கலாம் இல்லையா?"

"இருந்திருக்கலாம்."

"அப்ப அங்க திரும்ப முடியும்."

"முடியும். ஆனா அங்க எதுவும் நிலைக்காது சார். அந்தச் சூட்டுல ரெண்டு காலம் இருந்தா அணுவுக்குள்ள இருக்கற புரோட்டான்கூடச் சிதைஞ்சிடும். கல்லு இருக்காது, தண்ணி இருக்காது."

"கிணறும் இருக்காது" என்றார் தேவசகாயம்.

"ஜோயலும் இருக்க மாட்டான் சார்."

தேவசகாயம் கையிலிருந்த சிவப்புத் தூளை வேட்டியில் துடைத்தார். அடுத்து அவர் சொன்னதை, ஜோயலைப் பெற்றவளிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

"அன்னிக்கு மத்தியானம் விடைத்தாள் திருத்திட்டு இருந்தேன். கிணத்துல குளிக்கப் போகட்டுமாப்பான்னு கேட்டான். நான் தலையைத் தூக்கிப் பார்க்கல. போன்னு சொல்லிட்டேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துட்டா போதும் மேடம். வேற எதையும் தொட மாட்டேன்."

குமுதவல்லிக்கு ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொல்லவில்லை.

"அவன் பதினோரு வருஷம் நிலைச்சு இருந்தானே, அது காலம் ஒண்ணா இருக்கறதாலதான் சார். அந்த வார்த்தை நிலைச்சு நிக்கறதும் அதாலதான்."