சாக்குக்குள் அரசர் மீசை

வெகு காலத்துக்கு முன்னால் கொன்றையூரைப் பராங்குச பூபதி என்றொரு ராஜா ஆண்டு வந்தார். எதிரியின் யானைப்படை வந்தாலும் அசையாத மனுஷனுக்கு, ஊரார் கண் பட்டுவிடும் என்றால் மட்டும் ஒரே பயம். காவலாளி தும்மினால் ஒரு பூசணிக்காய், பல்லி கத்தினால் இரண்டு என்று வாசலில் உடைத்துத் தள்ளியதில், அரண்மனைச் சமையற்கட்டில் கூட்டுக்குக் காய் இல்லாமல் போயிற்று.

புது அரண்மனை வாசலுக்குத் திருஷ்டி பொம்மை செய்யும் வேலை, பானை வனையும் பூவாயிக்குக் கிடைத்தது. அரசவையில் கேசவராயர் என்றொருவர். அந்த வேலையைத் தன் மச்சானுக்கு வாங்கித்தர நினைத்திருந்தவர். கோரைப்பல்லும் பிதுங்கிய கண்ணுமாகப் பொம்மை சபைக்கு வந்ததும் அரசர் காதில் ஓதினார்.

"பிரபு, இது அச்சு அசல் தாங்கள்தான்."

ராஜாவுக்குச் சுரீரென்றது. "நாளைக்கு வேறொன்று கொண்டுவா. அதிலும் என் சாயல் தெரிந்தால், உன் வீட்டையும் சூளையையும் இடித்து ஊரைவிட்டே துரத்துவேன்" என்றார்.

பூவாயி தன் கையாலேயே மண் குழைத்துக் கட்டிய வீடு அது. எதைச் செய்தாலும் ராயர் இதையேதான் சொல்லப் போகிறார் என்பதும் தெரியும். வீட்டுக்குப் போனவள் மண்ணைத் தொடவே இல்லை.

மறுநாள் அரண்மனை வாசலில் ஒரு சாக்கு மூட்டை தொங்கியது. ராஜாவும் சபையும் வந்து நிற்க, பூவாயி கைகட்டி நின்றாள்.

"மகாராஜா, திருஷ்டி பொம்மையை முதலில் பார்க்கிறவர் தலையில் வீட்டுப் பீடை மொத்தமும் இறங்கும் என்பார்கள். தாங்கள் பார்க்க வேண்டாம். சாயல் பார்ப்பதில் ராயர் கெட்டிக்காரர், அவர் பார்த்துச் சொல்லட்டும்."

"சரியான பேச்சு. ஓய் ராயரே, பாரும்" என்றார் ராஜா.

ராயருக்கு வேறு வழியில்லை. குலதெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டு சாக்குக்குள் தலையை நுழைத்தார்; நுழைத்த வேகத்தில் வெளியே இழுத்தார்.

"பிரபு, அதே மூக்கு, அதே முறுக்கு மீசை. கொழுப்பெடுத்த கழுதை மறுபடியும் தங்களையே செய்திருக்கிறாள்."

பூவாயி சாக்கை உருவினாள். உள்ளே தொங்கியது வெறும் சாம்பல் பூசணிக்காய். கண்ணில்லை, மூக்கில்லை, மீசை எங்கே இருக்கும்? சபை விழுந்து விழுந்து சிரித்தது.

"இதிலா என் மீசையைப் பார்த்தீர்?"

"மன்னிக்கணும் பிரபு. பீடைக்குப் பயந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்."

"அப்போ நேற்று பார்த்ததும் இதே கண்ணாலதானா? நீரும் உம் மச்சானும் ஒரு மண்டலத்துக்கு வாசலில் பூசணிக்காய் உடைத்து, நீங்களே பெருக்கவும் வேண்டும்."

பூவாயிக்குக் கையில் தங்கக் காப்பு ஏறியது. வீடும் சூளையும் தப்பின. எல்லோரும் போனபிறகு ராஜா அவளைக் கிட்டத்தில் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லு. முதல் பொம்மையில் என் சாயல் இருந்ததா?"

"சொன்னா வீடு நிக்குமா சாமி?"

"நிக்கும், சொல்லு."

"மூக்கு மட்டும் தங்களுடையது சாமி. அந்த மூக்கு இருந்தால் எந்தப் பேயும் வாசலை மிதிக்காது."

ராஜா மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் அந்தப் பொம்மையையே வாசலில் மாட்டச் சொன்னார், யாருக்கும் முகம் தெரியாத உயரத்தில்.