பத்தாம் படுக்கையில் கேட்காத சத்தம்

பொன்னுரங்கத்தை முதலில் மட்டம் தட்டியவர் மேற்படிப்பு படிக்கும் டாக்டர் ரகோத்தமன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

செங்கல் சூளையில் உழைத்த பொன்னுரங்கம், காய்ச்சலுக்காக மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் படுக்கையில் கிடந்தார். பத்தாம் படுக்கையில் செல்லப்பா, இதய வால்வு கெட்டவர். அவர் தலைக்கு மேல் இருந்த மின்விசிறி ஓடவில்லை. அவர் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், பொன்னுரங்கம் காலையில் தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுப் பத்தில் படுத்துக்கொண்டார். கேஸ் ஷீட்டுகள் பழைய கட்டில்களிலேயே தொங்கின.

ரவுண்ட்ஸுக்குச் சற்று முன் ரகோத்தமன் வந்தார். இரண்டு நாள் விடுப்பு முடிந்து வந்தவர், ஆளைப் பார்க்காமல் தாளைப் பார்த்தார்.

“சார், நான் ஒன்பது. காத்துக்காக மாறிப் படுத்திருக்கோம்.”

“பெரியவரே, சீஃப் வர்ற நேரம். வாயை மூடிக்கிட்டுப் படுங்க.”

பொன்னுரங்கம் மூடிக்கொண்டார்.

பேராசிரியர் வந்தார். ரகோத்தமனோடு சேர்த்து ஏழு பேர் பத்தாம் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ரகோத்தமன் ஒப்பித்தார்: பத்து, வால்வு நோய், இதயத்தில் கூடுதல் சத்தம்; ஒன்பது, காய்ச்சல் விட்டது, இன்றே வீட்டுக்கு அனுப்பலாம்.

“மூச்சு வாங்குதா பெரியவரே?” என்றார் பேராசிரியர்.

“உங்க டாக்டருக்கு எல்லாம் தெரியும். அவரையே கேளுங்க.”

வழக்கப்படி மூத்தவர் முதலில், இளையவர் கடைசியில் என்று ஸ்டெதஸ்கோப் வைத்தார்கள். ரகோத்தமனுக்குச் சத்தம் கேட்டது. பின்னால் வந்த ஐந்து பேருக்கும் கேட்டது. ஏழாவது ஆள், அன்றுதான் வார்டுக்கு வந்த பயிற்சி மருத்துவர் மெஹருன்னிசா.

“எனக்குக் கேக்கலை சார்.”

“காதைக் கழுவிட்டு வாம்மா” என்றார் ரகோத்தமன். யாரோ சிரித்தார்கள். அவள் மறுபடி வைத்துப் பார்த்தாள்.

“இல்லை சார்.”

பேராசிரியர் தாமே குனிந்து கேட்டார். முகம் மாறியது. மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் எஸ்தர் எட்டிப் பார்த்தார். “இவர் பொன்னுரங்கம் சார். மூணு நாளா நான் ஊசி போட்ட கை.”

அடுத்த கட்டிலில் செல்லப்பா நீலம் பாரித்த உதடுகளோடு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கால்மாட்டில் தொங்கிய தாளில், வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ரகோத்தமன் எழுதிய மை கூடக் காயவில்லை.

பேராசிரியர் தம் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினார். “அந்த மனுஷனைக் காப்பாத்தினவங்களுக்கு இது.”

முதலில் சொன்னவர் பொன்னுரங்கம். இல்லை என்றவள் மெஹருன்னிசா. ஆளை அடையாளம் காட்டியவர் எஸ்தர்.

அது யார் கைக்குப் போக வேண்டும்?

விடை: எஸ்தர் பேசியது பேராசிரியருக்கே சந்தேகம் வந்த பிறகு. பொன்னுரங்கம் முந்திக்கொண்டது உண்மை. ஆனால் பேராசிரியரே நேரில் கேட்டபோது, கோபத்தில் தெரிந்ததை விழுங்கினார். படுக்கை மாறியது பற்றி மெஹருன்னிசாவுக்கு எதுவும் தெரியாது. கேட்காததைக் கேட்டதாகச் சொல்ல மறுத்தாள், அதுவும் ஆறு மூத்தவர்களுக்கு எதிரே. அது அவளுக்கே. பொன்னுரங்கமும் அதை ஒப்புக்கொண்டார். மறுநாள் வீட்டுக்குக் கிளம்பியவர், ரகோத்தமன் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு சொல்லுக்காக வார்டு வாசலில் அரை மணி நேரம் நின்றார். ரகோத்தமன் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அந்தச் சொல் இன்னும் வந்து சேரவில்லை.