முட்டையைக் காட்டிய ஆள்காட்டி

"பாறைக்காடு நமக்குச் செய்த அநியாயங்கள் மூன்று! முதலாவது, கோடையில் சுனையை மறித்து, நம் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் வராமல் செய்தது. இரண்டாவது, போன மழைக்காலத்தில் அதன் பன்றிக்கூட்டம் எல்லை தாண்டி வந்து, தரையில் இருந்த முட்டைகளை எல்லாம் தின்று தீர்த்தது. மூன்றாவது, கடந்த பந்துக் கோப்பையில் நாம் உதைத்த பந்து கோல் கோட்டைத் தாண்டிய பிறகும் தாண்டவில்லை என்று சாதித்தது. மறக்காதீர்கள்!"

செங்கண்ணி என்ற ஆள்காட்டிக் குருவி தினமும் விடிந்ததும் இதை வரிசை மாறாமல் கத்தும். மூங்கில்காட்டில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் எல்லோரும் கண் விழிப்பார்கள். புலி நீர்த்துறையை மறித்தாலும் செங்கண்ணி கத்தும். கரடி தேனடையைப் பதுக்கினாலும் கத்தும். பெரும்பாலும் நியாயம் அதன் பக்கம்தான். ஆனால் கேட்டுக் கேட்டுக் காட்டுக்குக் காது மரத்துவிட்டது.

அந்தக் கோடையில் ஆற்றுக்கு இப்பால் இருக்கும் எல்லாக் காடுகளுக்குமான பந்துக் கோப்பையை நடத்தும் முறை மூங்கில்காட்டுக்கு வந்தது. வற்றிய ஏரிப் பொட்டல்தான் மைதானம் என்று முடிவானது.

அதைக் கேட்டதும் செங்கண்ணி கூட்டத்தின் நடுவே பறந்து வந்தது. அந்தப் பொட்டலின் ஓரத்தில், கூழாங்கற்களுக்கு நடுவே அது நான்கு முட்டைகள் இட்டிருந்தது. புள்ளி போட்ட முட்டைகள். கிட்டே போய் நின்று பார்த்தாலும் கல்லோடு கல்லாகத்தான் தெரியும்.

"மைதானத்தை மாத்துங்க!" என்று அது கத்தியது.

"ஏன்க்கா?" என்று கேட்டது கலைமான். மூங்கில்காட்டு அணிக்கு அதுதான் தலைவன்.

கூடு இருக்கும் இடத்தை ஆள்காட்டி வம்சம் யாருக்கும் சொன்னதில்லை. ஆபத்து வந்தால் வேறு பக்கம் ஓடி, அங்கே நின்று கத்தி ஊரையே ஏமாற்றும். அதுதான் அதன் காவல். போதாக்குறைக்குப் பக்கத்தில் கீரி உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தது.

"மாத்தணும்னா மாத்தணும்! இது அநியாயம்!"

"விடுங்க தலைவரே!" என்றது கீரி. "சூரியன் கிழக்கே உதிச்சாலும் அக்கா எதிர்ப்பாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மைதானம் மாறவில்லை.

ஆட்டங்கள் நடந்தன. முட்டைகள் எப்படியோ தப்பின. கடைசி ஆட்டத்தில் மூங்கில்காடும் பாறைக்காடும் மோதின. நடுவராகத் தேக்குக்காட்டு யானை நின்றது. பொழுது சாயும்வரை இரண்டு பக்கமும் சமம். செங்கண்ணியின் ஒரு கண் பந்தின் மேல், இன்னொரு கண் முட்டைகளின் மேல்.

அப்போதுதான் பாறைக்காட்டுக் காட்டுப்பன்றி கோரையனிடம் மைதான ஓரத்தில் பந்து சிக்கியது. முட்டை தின்ற கூட்டத்துக்குத் தலைவன் அதுதான்! மூங்கில்காட்டுக் கோலைக் காத்த கரடி முன்னால் ஓடிவந்து தடுக்கி விழுந்தது. கோல் திறந்து கிடந்தது. கோரையன் பாய்ந்தது. காட்டுப்பன்றி ஓட ஆரம்பித்தால் வளையாது, நேர்க்கோடுதான். அந்தக் கோட்டின் நடுவில் நான்கு முட்டைகள்.

செங்கண்ணி மைதானத்துக்குள் பறந்தது. இறக்கை ஒடிந்ததுபோல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கூட்டை விட்டு எட்டத்தில் கத்திக்கொண்டே ஓடியது.

"பாருங்க, பாருங்க! அக்கா மைதானத்திலேயே மறியல் பண்றாங்க!" என்று கீரி கூவியது.

கோரையன் குருவியை ஒரு தரம் பார்த்தது. பிறகு தரையைப் பார்த்தது. மற்றவர்களுக்குக் கல்லாகத் தெரிந்தது அதற்கு மட்டும் அப்படித் தெரியவில்லை. முட்டை தின்று பழகிய கண் அல்லவா! முன்னங்கால்களை மண்ணில் ஊன்றி, உடம்பை முறுக்கித் திருப்பி, குப்புற விழுந்தது. கல்லில் மோதிய அதன் கோரைப்பல் மடக்கென்று ஒடிந்தது.

அநாதையாய் உருண்ட பந்தைக் கலைமான் தட்டிக்கொண்டு பறந்தது. ஒரே உதை. கோல்! யானை துதிக்கையை உயர்த்திப் பிளிறியது. ஆட்டம் முடிந்தது.

நடத்திய காடே கோப்பையை வென்றது! மூங்கில்கள் ஆடின. குரங்குகள் கொட்டடித்தன. "மூன்றாவது அநியாயத்துக்குப் பதில் கொடுத்துவிட்டோம்!" என்று செங்கண்ணியும் தொண்டை கிழியக் கத்தியது. பிறகு யாரும் பார்க்காதபோது கூட்டருகே ஓடியது.

நான்கும் முழுசாக இருந்தன. அவற்றை உரசினாற்போல் ஒரு குளம்புத் தடம், ஆழமாக, பக்கவாட்டில் திரும்பியிருந்தது. பக்கத்தில் ஒடிந்த கோரைப்பல். செங்கண்ணிக்கு எல்லாம் புரிந்தது.

அதற்குள் பாறைக்காட்டு அணித்தலைவன் செந்நாய் உறுமியது.

"திறந்த கோல்! ஒரு உதை போதும்! வேணும்னே விழுந்தான்! காட்டை வித்த துரோகி! இவன் பேரைப் பாறை மேல ஏறிச் சொல்லுங்க!"

ஏரிக்கரையில் இருந்த அந்தப் பாறை மேல் ஏறி ஒருவனைத் துரோகி என்று சொல்லிவிட்டால், பிறகு எந்தக் காடும் அவனுக்கு நிழல் தராது. அதுதான் சட்டம்.

"என்ன நடந்தது கோரையா?" என்று யானை கேட்டது.

"வழுக்கிருச்சுங்க."

"காஞ்ச தரையில வழுக்குமா?"

கோரையன் செங்கண்ணியைப் பார்த்தது. கீரியைப் பார்த்தது. ரத்தம் ஒழுகும் வாயைத் துடைத்துக்கொண்டு தலை குனிந்தது.

"வழுக்கிருச்சுங்க."

செங்கண்ணி துடித்தது. கலைமான் அதன் காதோரம் கிசுகிசுத்தது.

"சும்மா இருங்கக்கா. அது அவங்க வீட்டுச் சண்டை. நாம நம்ம கால் பலத்துல ஜெயிச்சதாவே இருக்கட்டும்."

பகைவன் ஒழிவதைத்தானே இத்தனை காலம் செங்கண்ணி கேட்டது? சும்மா இருந்தால் போதும், ஒழிந்துவிடுவான். ஆனால் வாழ்நாள் முழுக்கச் சும்மா இருந்து பழகாத தொண்டை அது. குருவி கூட்டத்தைப் பிளந்து நடந்தது. நேராகத் தன் முட்டைகள் அருகே போய் நின்று, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தன் கூட்டருகே நின்று கத்தியது.

"இங்கே வாங்க! எல்லாரும் வந்து பாருங்க!"

அது அலகால் தொட்டுக் காட்டிய நான்கு முட்டைகளையும், அவற்றை உரசித் திரும்பிய குளம்புத் தடத்தையும் எல்லாக் காட்டு விலங்குகளும் வந்து குனிந்து பார்த்தன. கீரியும் நழுவி நழுவி முன்னால் வந்தது.

"என்னப்பா, நாக்கு வெளியே வருது?" என்றது யானை.

"சும்மா பார்த்தேனுங்க."

"தூரமா நின்னு பாரு!" யானை தன் காலைக் கூட்டுக்கு வேலிபோல் வைத்தது.

செந்நாயின் வால் தாழ்ந்தது. "ஏன்டா முன்னாலேயே சொல்லலை?"

"சொன்னா முட்டை மிஞ்சுமா?" என்றது கோரையன். "நானும் தின்ன வாய்தான். ஆனா அந்தத் தாய் இறக்கையை இழுத்துட்டு ஓடினதைப் பார்த்தப்போ மனசு வரலை. கோப்பை அடுத்த தடவையும் வரும்."

"பாறை மேல சொல்லணும்னு கேட்டாச்சுன்னா, துரோகியோ நல்லவனோ, ஒரு பேரைச் சொல்லியாகணும்," என்றது யானை. "யார் சொல்றீங்க?"

செங்கண்ணி பாறை உச்சிக்குப் பறந்தது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வழக்கம்போல் வரிசையாகச் சொன்னது. பாறைக்காட்டார் நெளிந்தார்கள்.

"இந்த மூன்றையும் நான் மறக்கவில்லை! மறக்கவும் மாட்டேன்! ஆனால் நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நான் இதுவரை கேட்ட நியாயமெல்லாம் பொய். கோப்பையை இழந்து, கோரைப்பல்லை இழந்து, பேரையும் இழக்கத் துணிந்து, பகைவரின் நான்கு முட்டைகளைக் காப்பாற்றிய ஒருவர் இங்கே நிற்கிறார். எல்லாக் காடுகளும் சாட்சி! அவர் பெயர், பாறைக்காட்டுக் கோரையன்!"

தீமையை எண்ணிச் சொல்லும் வாய், பகைவன் செய்த நன்மையையும் ஊரறியச் சொல்ல வேண்டும்.